நடுக்களத்துக் களிமண்

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி இளைஞர்கள் சில வருடங்களாக என்னைக் கேட்டு வருகிறார்கள். "அண்ணை, நீங்கள் ஒரு நாட்டுக்காக விளையாடின ஆள். உங்கட சாதனையைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்பார்கள். சாதனை என்ற சொல் வந்ததும் நான் கதையை மாற்றிவிடுவேன்.

இந்த வருடம் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு பெண்கள் உதைபந்தாட்ட மச் காரணம். வசந்த காலத்தில் இங்கே சுவிஸில், ஊஸ்டர் நகர மைதானத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பந்தைத் தலையால் அடிக்க எழும்பிய இரண்டு பேர் மோதி விழுந்தார்கள். ஒருத்தி எழும்பி நின்று, தனக்கு ஒன்றுமில்லை, விளையாடப் போகிறேன் என்று கையை ஆட்டினாள். ஓடிவந்த மருத்துவப் பெண் அவளுடைய கண்களைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள், பிறகு "இல்லை" என்றாள். அவ்வளவுதான். பயிற்சியாளர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அழுதுகொண்டு வெளியே வந்த அந்தப் பிள்ளைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். என்னால் கைதட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டுப் படுத்தேன். பொறாமை என்றுதான் அதைச் சொல்லவேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா யாழ்ப்பாணத்து ஆள். அகதியாக வந்து லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். அதே ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்த அம்மா கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்தவர். அவர்களுடைய கல்யாணத்துக்கு அப்பாவின் சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை. நான் பிறந்தது லுசேர்ணில், வளர்ந்தது ஊஸ்டரில். அப்பா பிடிவாதமாக என்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் காப்பிலி, கறுப்பன் என்கிற வசவு. தமிழில் எனக்கு முதல் பரிசு கிடைத்த வருடமும் அந்தப் பெயர் மாறவில்லை. இன்று மலருக்குக் கட்டுரை கேட்பவர்களில் சிலருடைய அப்பாமார் அந்த வகுப்பில் என்னோடு இருந்தவர்கள். தீவின் பெயரையும் நான் விளையாடிய கிளப்பின் பெயரையும் எழுதப்போவதில்லை. இரண்டு இடத்திலும் அந்தக் காலத்து ஆட்கள் சிலர் இன்னும் வேலை செய்கிறார்கள்.

விளையாடப் பழகிய வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடினேன், சிலரைவிடக் கூடுதலாக ஓடினேன். சுவிஸின் இளையோர் அணி ஒரு தடவை பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது, பிறகு கூப்பிடவில்லை. இருபது வயதில் இரண்டாம் பிரிவுக் கிளப் ஒன்றில் ஒப்பந்தம் கிடைத்தது.

என் இடம் நடுக்களம். பின்வரிசைக்கு முன்னால் நிற்கிறவனை இங்கே சட்டை எண்ணை வைத்து "ஆறு" என்பார்கள். அவனுடைய வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பந்து எங்கேயோ இருக்கும்போதே அவன் தலையைத் திருப்பித் தன் வலத் தோளுக்கும் இடத் தோளுக்கும் பின்னால் பார்த்துவிடவேண்டும். யார் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் வழி திறந்திருக்கிறது என்ற படம் தலைக்குள் ஏறிய பிறகுதான் பந்து காலுக்கு வரவேண்டும். வந்த பிறகு பார்த்தால் பிந்திவிடும். மற்றவர்கள் காலால் விளையாடினார்கள் என்றால் நான் கழுத்தால் விளையாடினேன். ஒருவனும் என் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. ஆனால் நான் இல்லாத நாட்களில் நாங்கள் தோற்றோம்.

எங்கள் தலைமைப் பயிற்சியாளர் பெயர் ரேட்டோ. மலைக்கிராமத்து ஆள். நான் பார்த்த பயிற்சியாளர்கள் எல்லாரும் கத்துவார்கள். ரேட்டோ கத்தமாட்டார். அவர் பேசுவதைக் கேட்க நாங்கள் கிட்டப் போய் நிற்கவேண்டும். யாரையாவது அறைக்குக் கூப்பிட்டால் முதலில் ஒரு அப்பிளை எடுத்துச் சட்டைப்பைக் கத்தியால் தோல் சீவத் தொடங்குவார். தோல் அறாமல் ஒரே நாடாவாக மேசையில் விழும். சீவி முடியும்வரை ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு அப்பிளை நான்காக வெட்டி, ஒரு துண்டை உங்களிடம் நீட்டிக்கொண்டு, அடுத்த மச்சில் நீ இல்லை என்பார். வாங்கித் தின்றுவிட்டுத்தான் வெளியே வருவோம்.

உதைபந்தாட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் "நீ" என்றுதான் சொல்வார்கள். தலைவரானாலும் புல் வெட்டுகிறவரானாலும் "நீ"தான். ரேட்டோவுக்கு மட்டும் ஒரு பழக்கம் இருந்தது. கிளப்பிலிருந்து ஒருவனை அனுப்ப முடிவெடுத்தால் அன்றிலிருந்து அவனை "நீங்கள்" என்பார். எங்கள் வீடுகளில் நீங்கள் என்பது மரியாதை. ரேட்டோவின் வாயில் அது கதவைச் சாத்துகிற சத்தம். ஒரு போர்த்துக்கீசப் பொடியன் உடுப்பு மாற்றும் அறைக்கு வந்து, "என்னை நீங்கள் எண்டிட்டார்" என்று சொல்லிக் குந்தியதை நான் கண்டிருக்கிறேன். நாங்கள் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினோம்.

இருபத்திரண்டு வயதில் அம்மாவின் தீவுடைய தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் தனியாக ஆடியதை அப்பா எனக்கு நடித்துக் காட்டினார். அந்த அணியில் ஆசிரியர், தபால்காரர், இரண்டு பொலிஸ்காரர் இருந்தார்கள். என்னை அவர்கள் "சொக்லேட்" என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் நான் முகம் கறுத்து நின்றேன். சுவிஸிலிருந்து வந்தவன் என்பதால் அந்தப் பெயராம். அங்கே எல்லாரும் என் நிறம்தான்.

மைதானம் கிரிக்கெட்டுக்கானது. உதைபந்தாட்டக் காலத்தில் நடுவிலிருந்த கிரிக்கெட் ஆடுதளத்தின் மேல் மணலைத் தூவி, கோடு போட்டுவிடுவார்கள். மணலுக்குக் கீழே உருளை ஏற்றி இறுக்கிய களிமண், சீமெந்து மாதிரி. அந்தக் கீற்றில் பந்து வேறு விதமாக எழும்பும். அது சரியாக நடுவட்டத்தின் குறுக்கே, என் இடத்தில் கிடந்தது. மற்றவர்கள் புல்லில் விளையாடினார்கள், நான் களிமண்ணில் விளையாடினேன். ஐந்து வருடத்தில் அந்தக் களிமண்ணின் குணம் எனக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இருபத்தேழு வயது. தீவு அணி தகுதிச் சுற்றில் ஒரு வெற்றி கிடைத்தால் முதல் தடவையாக அடுத்த கட்டத்துக்குப் போகும். எதிரே எங்களைவிடப் பல மடங்கு பெரிய தீவு. அந்த மச்சைப் பார்க்க அம்மா முன்கூட்டியே பிளேன் ஏறிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஊருக்குப் போவது அதுதான் முதல் முறை. தம்பியார் வீட்டில் தங்கி, வழியில் காண்பவர்களுக்கெல்லாம் தன் மகன் வருகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்திய வாரம், கிளப்பில் புதன்கிழமைப் பயிற்சியில் எங்கள் கோல்காப்பாளரின் முழங்கால் என் காதுக்கு மேலே பட்டது. விழுந்து எழும்பினேன்.

"சரியா?" என்றார் ரேட்டோ.

"சரி."

பயிற்சி தொடர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி, ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்தேன். அடுத்த நாள் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அதற்கடுத்த நாள் சொற்கள் பிந்தி வந்தன. சனிக்கிழமை மச்சுக்கு முன் கிளப் டொக்டரிடம் போய், தலையிடி என்றேன். அவர் நல்ல மனுஷன், பெரிய கையும் மெல்லிய குரலும் உள்ளவர். இரண்டு குளிசையைக் கையில் வைத்துவிட்டு ரேட்டோவைப் பார்த்தார். ரேட்டோ என் தோளில் கை போட்டு, "இன்றைக்கு நீ எனக்கு வேணும்" என்றார். முழு மச்சும் விளையாடினேன். வென்றோம். தோளுக்குப் பின்னால் பார்க்கத் தலையைத் திருப்பியபோதெல்லாம் மைதானம் ஒரு கணம் பிந்தித் திரும்பியது.

திங்கட்கிழமை ரேட்டோ அறைக்குக் கூப்பிட்டார். டொக்டரும் இருந்தார். அப்பிள் சீவப்பட்டது. தோல் விழுந்து முடிந்ததும் ரேட்டோ டொக்டரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"உனக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது" என்றார் டொக்டர். "புதன்கிழமை அடிபட்டதாகச் சொல்கிறார்கள். நீ பிளேனில் போகக்கூடாது. விளையாடவும் கூடாது. தீவுக்காரருக்கு அறிவித்துவிட்டோம்."

நான் ஒருவரை மாறி ஒருவரைப் பார்த்தேன். "சனிக்கிழமை விளையாடினேனே?"

டொக்டர் ஜன்னலைப் பார்த்தார். நாட்டு அணி கூப்பிட்டால், காயம் என்றால் தவிர, கிளப் ஆளைத் தடுக்க முடியாது. தேசிய அணிகளின் மச்சுகளுக்கு ஒதுக்கிய அந்த வாரத்திலும் எங்கள் பிரிவில் ஒரு மச் இருந்தது. பட்டியலில் எங்களுக்கு மேலே இருந்த அணியோடு, எங்கள் மைதானத்தில். அது எனக்கும் தெரியும்.

"அப்ப வாற சனிக்கிழமையும் நான் விளையாட முடியாதுதானே?" என்று கேட்டேன்.

ரேட்டோ அப்பிளை நான்காக வெட்டினார். "அதை வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்றார். ஒரு துண்டை நீட்டினார். அன்றைக்கு மட்டும் நான் வாங்கவில்லை.

அன்று பின்னேரம் ஊஸ்டருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அப்போது ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"உன்னைப் போகவிடாமல் இருக்கத்தான் உந்தக் கதை. அது எனக்கும் விளங்குது" என்றார். "ஆனா தம்பி, அவங்களை விடு. உன்ர தலை என்ன சொல்லுது?"

"ஒண்டும் சொல்லேல்லை அப்பா. இப்ப சுகம்."

"சத்தியமாயோ?"

"ஓம்."

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது, நீ வரேல்லை எண்டு" என்றார், தனக்குத்தானே கதைப்பதுபோல. அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

அவர்கள் சொன்னது பொய் என்று நான் முழுமனதாக நம்பினேன். அப்படி நம்புவதற்கு அவர்களே காரணம் தந்திருந்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்குச் சுகமாகத் தெரிந்த தலை திங்கட்கிழமை எப்படிப் பழுதாகும்?

தீவில் அணிக்கு உதவிய டொக்டர் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற இளம் ஆள். கிளப்பிலிருந்து வந்த செய்தி அவரிடம் இருந்தது. மாதங்களின் பெயரைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரும்பக் கேட்டார். இதே சோதனையை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கிளப்பில் செய்வார்கள். நாங்கள் வேண்டுமென்றே தடுமாறுவோம், மறந்ததுபோல நிற்போம். பிறகு அடிபட்ட நாளில் அதே அளவுக்குச் செய்தால் மாற்றமில்லை என்று விட்டுவிடுவார்கள். எல்லாக் கிளப்பிலும் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. அந்த இளம் டொக்டருக்கு என் தடுமாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் கையில் இல்லை. "உன்னுடைய கிளப் ஏன் இப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியும். வேறு பொடியன்களுக்கும் செய்திருக்கிறார்கள்" என்று சொல்லி முதுகில் தட்டினார்.

மச்சின் முதல் பாதி நினைவிருக்கிறது. வெயில், மேளச் சத்தம், மூன்றாம் வரிசையில் செம்மஞ்சள் தொப்பியோடு அம்மா. இடைவேளையில் தண்ணீர் குடித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்குள் ஒன்றுமில்லை. நான் எழுதப்போவது மற்றவர்கள் சொன்னதும் பிறகு வீடியோப் படத்தில் பார்த்ததும்.

உயர வந்த பந்துக்கு நானும் எதிரணிக்காரன் ஒருவனும் எழும்பினோம். தலையும் தலையும் மோதின. நான் மல்லாந்து விழுந்தேன். பிடரி அடிபட்டது அந்தக் களிமண்ணில். எழும்பினேன். நடுவர் கேட்டதற்குப் பெருவிரலைக் காட்டினேன். சில நிமிடங்களில், எங்கள் பாதியில் எனக்குப் பந்து வந்தது. படத்தில் தெளிவாகத் தெரிகிறது. வலத் தோள், இடத் தோள், பிறகு ஒரே தொடுகையில் மூன்று பேருக்கு நடுவால் ஒரு நீளப் பந்து. என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சிறந்த பந்து அதுதான். தபால்காரன் அதைக் கோலாக்கினான். எல்லாரும் அவன் மேல் பாய்ந்து விழுகிறார்கள். நான் களிமண்ணில் குந்துகிறேன், பிறகு பக்கமாகச் சரிகிறேன். கோல் போட்ட சந்தோஷத்துக்கு நடுவில் அதைக் கண்டது அம்மா மட்டும்தான். வேலியைத் தாண்டி ஓடிவந்தாராம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த பிறகு நான் தமிழில் மட்டும்தான் கதைத்தேனாம். தாதிமாருக்கு அது என்ன பாஷை என்றே தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது குசினித் தமிழ், வா, இரு, சாப்பிடு அளவுதான். "அப்பா எங்க?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். கேட்டு, மறந்து, மறுபடி கேட்பேனாம். ஒவ்வொரு தடவையும் அம்மா என் கையைப் பிடித்து, "அப்பா வேலை. வருவார்" என்று சொன்னாராம். அந்தச் சொற்களை எனக்கு ஐந்து வயதில் லுசேர்ண் சலவை அறையில் சொன்ன அதே மாதிரி.

தீவு வென்றது. அடுத்த கட்டத்தில் எல்லா மச்சிலும் தோற்றது. அதில் நான் இல்லை. அதற்குப் பிறகு எதிலும் இல்லை.

ஊஸ்டரில் பல மாதம் இருட்டறையில் கிடந்தேன். கரண்டி விழுந்தால் தலை வெடிக்கும். படி இறங்கச் சுவரைப் பிடிக்கவேண்டும். நடக்க முடிந்ததும் கிளப்பில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூட வந்தார். நீளமான மேசை, வழக்கறிஞர் ஒருவர், ரேட்டோ. அப்பிள் இல்லை.

"நீங்கள் மருத்துவ ஆலோசனையை மீறிப் பயணம் செய்தீர்கள்" என்றார் ரேட்டோ, அதே மெல்லிய குரலில். "நீங்கள் சுகமாகவேண்டும் என்று நாங்கள் எல்லாரும் விரும்புகிறோம்."

சனிக்கிழமையைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். ஜேர்மன் சொற்கள் பிந்தி வந்தன. வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டேன். வழக்கறிஞர் பொறுமையாகக் காத்திருந்தார். ஒழுங்காகச் சாட்சி சொல்ல முடியாத என் நிலைமையை அவர் கண்ணால் காண்கிறாரே, அது அவருக்கு வசதி. அப்பா தன் குசினி ஜேர்மனில், "சனிக்கிழமை தலை இவருடையது இல்லையா?" என்று கேட்டார். வழக்கறிஞர் தாள்களை அடுக்கத் தொடங்கினார். நாங்கள் வழக்குப் போட்டோம். நான் அடிபட்டது தீவில், போகவேண்டாம் என்று சொன்ன பிறகு. அதற்கு மேல் ஒரு வக்கீலாலும் ஏறிப் போக முடியவில்லை.

நான் விழுங்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் திங்கட்கிழமை அவர்கள் என்னைத் தடுக்கத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் சொன்னது முழுக்க உண்மை. என் மூளை அப்போதே அடிபட்டுத்தான் இருந்தது. இரண்டாவது அடி வாங்க அது தயாராக இல்லை என்று பிறகு பார்த்த வைத்தியர்கள் எல்லாரும் சொன்னார்கள். உண்மையைப் பொய் சொல்வதுபோலப் பயன்படுத்தியவர்கள் அவர்கள். அதனால் நான் அதை நம்பவில்லை. அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

இப்போது நகரசபையின் தோட்டப் பகுதியில் வேலை. செடிகள் சத்தம் போடுவதில்லை. பெரிய மைதானங்களுக்கு நான் போவதில்லை, விளக்கு வெளிச்சம் ஒத்துவராது. இந்தக் கட்டுரையைக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதினேன். அந்தக் கோலை அம்மா தன் தொலைபேசியில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்டுவார். நானும் பார்ப்பேன். யாரோ ஒருவன் விளையாடுகிறான். நல்ல ஆட்டக்காரன்.

சென்ற தையில் லுசேர்ணில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப சூரிச் ரயிலில் ஏறினேன். எனக்கு எதிரே வந்து இருந்தவர் அந்தக் கிளப் டொக்டர். முடி முழுக்க நரைத்துவிட்டது. கை மட்டும் அதே பெரிய கை. அடையாளம் கண்டுகொண்டார். எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. ஓய்வு பெற்றுவிட்டதாகவும் சூரிச்சில் மகளிடம் போவதாகவும் சொன்னார்.

"தலை எப்படி?" என்று கேட்டார்.

"சில நாள் நல்லம்."

வெளியே ஏரி வந்தது.

"நான் உன்னைப் போகவேண்டாம் என்று சொன்னேன்" என்றார். குற்றம் சாட்டுவதுபோல இல்லை. அதை யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது போல.

"ஓம், சொன்னீர்கள். திங்கட்கிழமை" என்றேன். "சனிக்கிழமை ஏன் சொல்லவில்லை?"

அவர் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்றார்.

ரயில் பாதி வழியில், ட்சூக்கில் நின்றது. சூரிச்சுக்குப் போகிறவர் எழும்பி, எனக்குக் கை தந்துவிட்டு, அங்கேயே இறங்கிவிட்டார். ரயில் நகரும்போது பார்த்தேன். மேடையில், அடுத்த ரயிலின் நேரம் காட்டும் பலகையின் கீழே நின்றுகொண்டிருந்தார்.